மனநோய், போதைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இலவச சட்ட உதவி: கோப்பு அறுந்துபோகும் இடங்களும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு, வட்ட சட்டப்பணிகள் குழு ஆகியவற்றில் வேலை செய்பவர்களுக்கும், பேனல் வழக்கறிஞர்களுக்கும் (ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர்கள்), சட்டம்சார் தன்னார்வலர்களுக்கும், மனநல மருத்துவமனைகளின் சமூகப் பணியாளர்களுக்கும் எழுதப்பட்ட வழிகாட்டி இது. குடும்பத்தினரும் படிக்கலாம், பல இடங்களில் அவர்களுக்குக் கசக்கும்.

இந்தியாவில் இதற்கான சட்டங்களுக்குக் குறைவில்லை. 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இருக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் இலவச சட்ட உதவியைத் தனி உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. தேசிய ஆணைக்குழுவான நால்சா 2015இல் மனநோய்க்கு ஒன்று, போதைப்பொருளுக்கு ஒன்று என இரண்டு திட்டங்கள் கொண்டுவந்தது. மனநோய்த் திட்டத்தை 2024இல் புதுப்பித்தது. ஆனாலும் கோப்புகள் நான்கு இடங்களில் திரும்பத் திரும்ப அறுந்துபோகின்றன: விண்ணப்பம் கொடுக்கும் மேசையில், கைதான முதல் மூன்று நாளில், இரண்டு வாய்தாக்களுக்கு நடுவில், மருத்துவமனையிலோ சிறையிலோ இருந்து வெளியே வரும் நாளில். இந்த நான்கிலும் யார் எதைச் செய்வது என்று பெயர் போட்டு எழுதி வைத்த அலுவலகம், புதிதாக ஒரு ரூபாய் செலவழிக்காமலே பாதி தூரம் போய்விடும்.

1. எந்தக் கதவு வழியாக உள்ளே வருகிறார்?

முதல் தவறு மேசையிலேயே நடக்கிறது. வந்தவரிடம் எடுத்த எடுப்பில் வருமானச் சான்றிதழ் கேட்பது. 1987 சட்டத்தின் 12ஆவது பிரிவில் வருமானம் கடைசிக் கதவுதான். அதற்கு முன்னால் பல கதவுகள் திறந்தே இருக்கின்றன. இந்த வரிசையில் பார்க்கலாம்.

காவலில் இருக்கிறாரா? போலீஸ் காவல், சிறை, பாதுகாப்பு இல்லம் மட்டுமல்ல, மனநல மருத்துவமனையில் இருப்பதையும் 12ஆவது பிரிவு இதில்தான் சேர்க்கிறது. வருமானக் கேள்வியே எழாது. சட்டத்தின் வாசகத்தில் 1987ஆம் ஆண்டின் பழைய மனநலச் சட்டத்தின் பெயர் இருக்கிறதே என்று யாராவது மறுத்தால், அந்தச் சட்டத்தின் இடத்தில் 2017 சட்டம் வந்திருக்கிறது என்று பதில் சொன்னால் போதும்.

பெண்ணா, குழந்தையா, பட்டியல் சாதியா, பழங்குடியா? இதிலும் வருமானம் பார்க்கத் தேவையில்லை.

மாற்றுத்திறனாளியா? 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் மனநோய் உண்டு. இங்கே ஒரு சிக்கலைக் கவனிக்க வேண்டும். 2017 மனநலச் சட்டம் ‘மனநோய்’ என்பதில் மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளையும் சேர்க்கிறது. 2016 சட்டத்தின் விளக்கத்தில் அந்த வரி இல்லை. ஆகவே குடிநோய் மட்டும் உள்ளவரை மாற்றுத்திறனாளி என்ற கதவில் கொண்டுபோய் நிறுத்தினால் திருப்பி அனுப்பப்பட வாய்ப்புண்டு. அதே ஆளுக்கு மனநலச் சட்டத்தின் 27ஆவது பிரிவு பொருந்தும்.

அந்த 27ஆவது பிரிவுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. மனநலச் சட்டம் தரும் உரிமைகளைப் பெறுவதற்குத்தான் அது இலவச உதவி தருகிறது: சேர்க்கையை எதிர்ப்பது, மருத்துவப் பதிவேடுகளைக் கேட்பது, பிரதிநிதியை நியமிப்பது போன்றவை. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லும் வழக்குக்கும் காசோலை வழக்குக்கும் மேலே சொன்ன மற்றக் கதவுகளில் ஒன்றையே தேட வேண்டும். எதுவும் பொருந்தவில்லை என்றால்தான் வருமானம். அதற்கும் பிரமாண வாக்குமூலம் போதும். தாசில்தார் அலுவலகத்துக்கு அலைய விட வேண்டியதில்லை.

எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தன்னார்வலர் எழுதிக் கொடுக்கலாம். முகவரி இல்லை என்பதற்காக விண்ணப்பத்தைத் திருப்ப வேண்டாம்; அவர் அன்றாடம் போகும் தேநீர்க் கடை, கோயில், மருந்து வாங்கும் இடம் எதுவானாலும் தொடர்பிடமாகக் குறித்துக்கொள்ளுங்கள். 15100 என்ற நால்சா உதவி எண்ணில் வரும் அழைப்பும் விண்ணப்பமே.

27ஆவது பிரிவில் அதிகம் கவனிக்கப்படாத ஓர் உட்பிரிவு இருக்கிறது. மாஜிஸ்திரேட், காவல் அதிகாரி, காவல் நிறுவனத்தின் பொறுப்பாளர், மனநல நிலையத்தின் பொறுப்பு மருத்துவர் ஆகியோர், இலவச சட்ட உதவி உண்டு என்பதை அந்த நபரிடம் சொல்லி, தொடர்பு விவரங்களையும் தர வேண்டும். இது அவர்கள் கடமை. எனவே ஆணைக்குழு தன் முகவரியும் எண்ணும் அடங்கிய ஒரு பக்கத் தாளைப் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு காவல் நிலையத்துக்கும் சிறைக்கும் மனநல வார்டுக்கும் மறுவாழ்வு மையத்துக்கும் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். பின்னால் ‘எங்களுக்குத் தெரியாது’ என்று யாரும் சொல்ல முடியாது.

2. கைதான முதல் 72 மணி நேரம்

சட்டப் புத்தகங்களில் இல்லாத பகுதி இது. ஆள் சாவது இங்கேதான் என்பதால் விரிவாகவே பார்ப்போம்.

தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 24 மணி நேரத்துக்குள் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். அதன்பின், ஏறத்தாழ மூன்றாம் நாளில், சிலருக்குக் குழப்பமும் இல்லாததைக் காண்பதும் காய்ச்சலும் சேர்ந்த கடும் நிலை உருவாகும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து. திங்கள் இரவு பிடிபட்டு, செவ்வாய் ரிமாண்ட் ஆகி, வியாழன் அன்று சிறையில் ‘பைத்தியம் பிடித்தவன் மாதிரி கத்துகிறான்’ என்று தனி அறையில் பூட்டப்படுபவர் பல நேரம் இந்த நிலையில்தான் இருப்பார்.

ஆகவே ரிமாண்டுக்கு வரும் வழக்கறிஞர் ஜாமீன் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார்? முன்பு குடியை நிறுத்தியபோது வலிப்பு வந்ததுண்டா? உண்டு என்றால் அன்றைக்கே, அதே மாஜிஸ்திரேட்டிடம், சிறை மருத்துவரின் உடனடிப் பரிசோதனையும் தேவைப்பட்டால் அரசு மருத்துவமனை அனுமதியும் வேண்டும் என்று எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது ரிமாண்ட் உத்தரவில் ஏறாது.

ஹெராயின் போன்றவற்றை நிறுத்தினால் வரும் அவதி கடுமையானது. நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவரைக் கொல்வது அரிது. அங்கே வேறோர் ஆபத்து இருக்கிறது. சிறையில் சில வாரம் எடுக்காமல் இருந்ததால் உடலின் தாங்கும் திறன் குறைந்திருக்கும். வெளியே வந்ததும் பழைய அளவிலேயே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஜாமீன் கிடைத்த நாளில் இதை அவரிடமும் வீட்டாரிடமும் ஒருவர் நேராகச் சொல்ல வேண்டும். ஹெராயின் போன்ற பழக்கத்துக்கு மருத்துவர் தரும் மாற்று மருந்தான ப்யூப்ரெனார்ஃபின் எடுத்துக்கொண்டிருந்தவர் என்றால், அது சிறையிலும் தொடர மருத்துவரின் கடிதத்தோடு மனு போட வேண்டும்.

மனநோய் மாத்திரைகளிலும் இதே கவனம் வேண்டும். க்ளோசபின் இரண்டு நாளுக்கு மேல் விடுபட்டால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது. குறைந்த அளவிலிருந்து ஏற்ற வேண்டும். லித்தியம் எடுப்பவருக்குத் தண்ணீர் குறைந்தாலோ வாந்தி பேதி வந்தாலோ இரத்தத்தில் அதன் அளவு நச்சுத்தன்மை வரை ஏறலாம். இவற்றை முடிவு செய்வது வழக்கறிஞர் வேலை இல்லை. மாத்திரைச் சீட்டின் நகலைச் சிறை மருத்துவர் கையில் சேர்த்து, சேர்த்ததற்கு ஒப்புகை வாங்குவது அவர் வேலைதான். வீட்டில் இருப்பவரிடம் மாத்திரை அட்டையைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொன்னால் பத்து நிமிடத்தில் முடியும்.

தெருவில் திரிபவரைக் காவல்துறை பிடித்திருந்தால் மனநலச் சட்டத்தின் 100ஆவது பிரிவு பொருந்தும். 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள பொதுச் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். லாக்கப்பிலோ சிறையிலோ எந்தச் சூழ்நிலையிலும் அடைக்கக் கூடாது. வீட்டுக்குள் கட்டிவைத்துக் கொடுமைப்படுத்தப்படுபவருக்கு 101ஆவது பிரிவு. யார் வேண்டுமானாலும் காவல் நிலையத்தில் தகவல் கொடுக்கலாம்.

3. முதல் சந்திப்பு

‘உங்களுக்கு மனநோய் இருக்கா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே பதில் வரும். தூக்கம் எப்படி, மாத்திரை ஏதாவது உண்டா, கடைசியாக எந்த ஆஸ்பத்திரியில் காட்டினீர்கள் என்று கேட்டால் எல்லாம் வந்துவிடும்.

நேரம் முக்கியம். இரவு மாத்திரையின் மயக்கம் சிலருக்குக் காலை பத்து மணி வரை இருக்கும். அவர்களைப் பிற்பகலில் வரச் சொல்லுங்கள். குடிப்பவரைக் காலையிலேயே பாருங்கள். ஒரு சந்திப்பு 20, 30 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மீதியை அடுத்த முறை வைத்துக்கொள்ளலாம். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. கடைசியில் ‘நாம இப்ப என்ன முடிவு பண்ணினோம், உங்க வார்த்தையில சொல்லுங்க’ என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடிந்தால் உங்களுக்கு வழக்கு நடத்த அறிவுறுத்தல் கிடைத்துவிட்டது. முடியாவிட்டால் இன்னொரு நாள். ஒரு நாள் புரியவில்லை என்பதற்காக ‘சித்த சுவாதீனம் இல்லாதவர்’ என்று கோப்பில் எழுதிவிடாதீர்கள். மனநோய் இருப்பதாக மருத்துவர் தீர்மானித்தாலும், தகுதியுள்ள நீதிமன்றம் அறிவிக்காதவரை அது மட்டுமே அப்படிப் பொருள்படாது என்று 2017 சட்டத்தின் 3ஆவது பிரிவு சொல்கிறது.

முதல் பத்து நிமிடம் குடும்பத்தை வெளியே உட்கார வையுங்கள். அழைத்து வந்த அண்ணனோ மனைவியோ பேசிக்கொண்டே இருப்பார்கள், இவர் தலையைக் குனிந்துகொண்டிருப்பார். ‘ஐயா, நீங்க சொல்றதை வச்சுதான் நான் கோர்ட்ல பேசுவேன்’ என்ற ஒரு வாக்கியம் நிறைய வேலை செய்யும்.

நம்ப முடியாததைச் சொன்னால் வாதாடவும் வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம். ‘அது உங்களுக்கு எவ்வளவு பயமா இருக்கும்னு புரியுது. வர்ற பன்னெண்டாம் தேதி என்ன சொல்லணும்னு இப்ப பார்ப்போம்’ என்று திருப்பலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: ‘அண்ணன் என்னை அழிக்கப் பார்க்கிறான்’ என்பவரின் பேச்சில் விஷமும் மந்திரமும் கலந்திருந்தாலும், நடுவில் ஓர் உண்மையான பத்திரப் பதிவு இருக்கலாம். தள்ளுவதற்கு முன் ஒரு வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பாருங்கள். மனநோய் உள்ளவர்களிடம் ஏமாற்றிக் கையெழுத்து வாங்குவது நடக்கிற காரியம்தான்.

4. வக்காலத்தோடு இன்னொரு தாள்

வக்காலத்தில் கையெழுத்து வாங்கும்போதே மருத்துவத் தகவல் பெறுவதற்கான ஒப்புதலையும் தனித்தாளில் வாங்குங்கள். எந்த மருத்துவமனை, எந்தக் காலத்துப் பதிவேடு, எந்த வழக்குக்காக, எத்தனை மாதம் செல்லும், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் ஆகிய ஐந்தும் அதில் இருக்க வேண்டும். ‘எல்லாத் தகவலையும் யாருக்கும் தரலாம்’ என்ற ஒற்றை வரி ஒப்புதல் வேண்டாம். மனநலச் சட்டத்தின் 25ஆவது பிரிவின்படி தன் பதிவேட்டைப் பெறும் உரிமை அவருக்கே உண்டு. மருத்துவமனை தயங்கினால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

கிடைத்ததையெல்லாம் நீதிமன்றத்தில் தாக்கல் செய்துவிடாதீர்கள். ஜாமீனுக்காகப் போட்ட டிஸ்சார்ஜ் சம்மரி, இரண்டு வருடம் கழித்து குழந்தையை யாரிடம் விடுவது என்ற வழக்கில் எதிர்த்தரப்பின் கையில் இருக்கும். தேவைப்படும் பக்கம் மட்டும், முடிந்தால் மூடிய உறையில். மாற்றுத்திறனாளிச் சான்றிதழுக்கும் இதே யோசனை: உதவித்தொகை, வேலைப் பாதுகாப்பு என்று பலன் உண்டு. வாங்குவதா வேண்டாமா என்பதைச் சாதகபாதகம் கேட்டறிந்து அவரே முடிவு செய்யட்டும்.

5. விருப்பமில்லாமல் உள்ளே வைக்கப்பட்டிருந்தால்

முதல் கேள்வி: மனநலச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ் சேர்த்தார்கள்? சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்காமல் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

86ஆவது பிரிவு என்றால் அவர் தானாக வந்தவர். கேட்டால் வெளியே விட வேண்டும். நிலைமை மாறியதாக மருத்துவர் கருதினால் மதிப்பிட 24 மணி நேரம் வரை நிறுத்தலாம், அவ்வளவுதான். 89ஆவது பிரிவு என்றால் நியமனப் பிரதிநிதியின் (சிகிச்சை முடிவுகளில் அவருக்கு உதவ நியமிக்கப்பட்டவர்) விண்ணப்பம் வேண்டும், இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் மனநல மருத்துவராக இருக்க வேண்டும். அதிகபட்சம் 30 நாள். பெண், சிறார் என்றால் 3 நாளுக்குள்ளும் மற்றவர்கள் என்றால் 7 நாளுக்குள்ளும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும். 30 நாளுக்கு மேல் 90ஆவது பிரிவு: முதலில் 90 நாள், அடுத்து 120, பிறகு 180. இந்தத் தேதிகளை ஒரு தாளில் வரிசையாக எழுதினாலே பல சேர்க்கைகளில் ஓட்டை தெரிந்துவிடும்.

தனியார் போதை மறுவாழ்வு மையங்கள் பலவற்றில் 86ஆவது பிரிவுச் சேர்க்கையும் இருக்காது, 89ஆவது பிரிவுச் சேர்க்கையும் இருக்காது. ‘என் கணவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற மனைவியின் கடிதம் மட்டும் இருக்கும். இரவில் வேனில் வந்து தூக்கிப்போவது சட்டப்படி சேர்க்கையே அல்ல. குடியோடு தொடர்புடைய மனநிலையும் இந்தச் சட்டத்தில் மனநோய்தான் என்பதால் இந்த மையங்களுக்கும் பதிவு தேவை, இந்த விதிகளும் பொருந்தும். சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் கூடாது என்கிறது 95ஆவது பிரிவு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் கருகி இறந்த பிறகும் இதைச் சட்டத்தில் தனியாக எழுத வேண்டியிருந்தது.

வாரியத்துக்கு மனு எழுதும் முறை எளிது. கட்டணம் கிடையாது. அவர் பெயர், நிலையத்தின் பெயர், சேர்த்த நாள், எந்தப் பிரிவு, ஏன் தவறு, என்ன வேண்டும்: இரண்டு பக்கம் போதும். 89ஆவது பிரிவுச் சேர்க்கையை எதிர்க்கும் மனுவை 7 நாளிலும் 90ஆவது பிரிவை எதிர்ப்பதை 21 நாளிலும் மற்ற மனுக்களை 90 நாளிலும் வாரியம் முடிக்க வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. எந்தப் பதிவும் இல்லாத அடைப்பு, அடி உதை என்றால் வாரியத்துக்காகக் காத்திராமல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவே சரி.

‘வெளியே விடலாம், ஆனால் கூட்டிப்போக ஆளில்லை’ என்று வருடக்கணக்கில் வார்டில் இருப்பவர்கள் தனி வகை. குடும்பம் இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது 19ஆவது பிரிவு. குடும்பத்தால் கைவிடப்பட்டவருக்குச் சொந்த வீட்டில் வாழும் உரிமையைப் பெற அரசு சட்ட உதவியும் தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. ஆணைக்குழு தேடிப்போக வேண்டிய வேலை இது; அவர்கள் தேடி வர மாட்டார்கள்.

6. குற்ற வழக்கு: மூன்று வேறு வேறு நேரங்கள்

சம்பவம் நடந்த நேரத்தில் மனநிலை எப்படி, விசாரணை நடக்கும் இப்போது எப்படி, தண்டனை பேசும்போது எப்படி என்று மூன்று கேள்விகள் உண்டு. இவற்றைக் குழப்பிக்கொள்வதுதான் பெரும்பாலான மனுக்களின் கோளாறு.

சம்பவ நேரத்துக்கு பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆவது பிரிவு (பழைய இ.பி.கோ. 84). மனநோய் இருப்பதாக மருத்துவர் சொல்வது மட்டும் போதாது. செய்வது என்னவென்றோ அது தவறென்றோ அறிய முடியாத நிலை வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நிகழ்தகவு ஓங்கியிருந்தால் போதும் என்று 1964இல் தஹ்யாபாய் தக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கான சாட்சியம் சீக்கிரம் மறைந்துவிடும். எனவே முதல் வாரத்திலேயே சிறை சேர்க்கையின்போது மருத்துவர் எழுதிய குறிப்பு, முந்தைய ஓ.பி. சீட்டுகள், மருந்துக் கடை ரசீதுகள், சம்பவத்துக்கு முந்தைய நாள்களில் அவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்த அக்கம்பக்கத்தவர் பெயர்கள் ஆகியவற்றைத் திரட்டுங்கள். தானாகக் குடித்த போதை இதில் வராது (பிரிவு 24). நீண்டகாலக் குடியால் உண்டான மனநோய் வேறு. அதை 22இல் வாதிடலாம்.

இப்போது விசாரணையைப் புரிந்துகொள்ள முடியாத நிலை என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 367, 368, 369. உள்நோயாளியாக இருக்கத் தேவையில்லை, உறவினரோ நண்பரோ வெளிநோயாளிச் சிகிச்சைக்குப் பொறுப்பேற்கிறார் என்றால், ஜாமீனில் விடமுடியாத குற்றமானாலும் ஜாமீன் தர 369 வழிசெய்கிறது. ஆனால் இந்த மனுவை யோசித்துப் போடுங்கள். மூன்று மாதத் தண்டனை கிடைக்கக்கூடிய சிறு திருட்டில் ‘விசாரணைக்குத் தகுதியில்லை’ என்று கேட்டால் வழக்கு அப்படியே நின்று, ஆள் பல வருடம் உள்ளேயே கிடக்க நேரலாம். அசாமில் 1951இல் கைதான மச்சல் லாலுங், விசாரணையே இல்லாமல் மனநல மருத்துவமனையிலும் சிறையிலுமாக 54 வருடம் இருந்து 2005இல்தான் வெளியே வந்தார். மருத்துவமனை 1967லேயே அவர் தேறிவிட்டதாகச் சொல்லியிருந்தது. இத்தகைய கோப்புக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபரிசீலனைத் தேதி போட்டு, அன்றைக்கு ஒருவர் கட்டாயம் பார்க்க வேண்டும்.

போதைப்பொருள் வழக்கில் 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு ஒரு நல்ல ஆயுதம், பயன்படுத்துவோர் குறைவு. அந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவிலோ (போதைப்பொருளைப் பயன்படுத்தியது) சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட, போதைக்கு அடிமையானவர், தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு. அது தவறிப்போவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தாத, அங்கீகரிக்காத மையத்தில் சேர்ப்பது. சிகிச்சையைப் பாதியில் விடுவது. முழுமையாக எடுக்காவிட்டால் பாதுகாப்பு திரும்பப் பெறப்படலாம். அளவைச் சரிபார்க்காமல் மனு போடுவது. சிறு அளவு என்பது கஞ்சாவுக்கு 1 கிலோ, ஹெராயினுக்கு 5 கிராம், சரசுக்கு (கஞ்சா பிசின்) 100 கிராம், கொகெய்னுக்கு 2 கிராம் வரை. கலப்படப் பொருளின் எடையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது.

பழக்கம் இடையில் ஒருமுறை திரும்புவது இந்த நோயில் வழக்கம். அது சிகிச்சையைக் கைவிட்டதாகாது. இந்த வேறுபாட்டை மருத்துவரின் கடிதத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். குற்றவாளி என்று தீர்ப்பு ஆகிவிட்டால் அதே சட்டத்தின் 39ஆவது பிரிவின்படி, அவர் சம்மதத்தோடு, சிகிச்சைக்காக நன்னடத்தைப் பிணையில் விடக் கேட்கலாம். மதுவுக்கு இந்த இரண்டுமே கிடையாது.

7. ஜாமீன் நிபந்தனையும் வாய்தாவும்

‘தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்து’ என்ற வழக்கமான நிபந்தனை, மாத்திரை மயக்கத்தில் இருப்பவருக்கும் உள்நோயாளியாகச் சேரப்போகிறவருக்கும் நிறைவேற்ற முடியாதது. மனு போடும்போதே மாற்று வழியையும் எழுதுங்கள்: வாரம் ஒருமுறை, அல்லது சிகிச்சை மையத்துக்கு அருகிலுள்ள நிலையத்தில், அல்லது மையத்தின் வருகைச் சான்று. ‘இனி குடிக்க மாட்டேன்’ என்று உறுதி எழுதித் தர வேண்டாம். அது மீறப்படும், மீறியதும் ஜாமீன் ரத்தாகும். சிகிச்சைக்குப் போவேன் என்பது அவரால் காப்பாற்றக்கூடிய உறுதி.

ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. 7 நாளில் விடுதலையாகாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. அந்தப் பட்டியலை வாரம் ஒருமுறை கேட்டு வாங்குங்கள்.

வாய்தா தவறுவதை அலட்சியமாகப் பார்க்க வேண்டாம். மனச்சோர்வில் இருப்பவருக்கு எழுந்து குளித்து பஸ் ஏறுவதே பெரும்பாடு. முந்தின நாள் மாலை ஓர் அழைப்பு, அன்று காலை ஓர் அழைப்பு, அவர் எடுக்காவிட்டால் அவரே முன்பு பெயர் கொடுத்த ஒருவருக்கு மூன்றாவது அழைப்பு. இதைச் செய்ய ஒரு தன்னார்வலர் போதும். நேரில் வரத் தேவையில்லாத நாள்களுக்கு பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 228, 355 பிரிவுகளில் விலக்கு கேளுங்கள். பிடியாணை பிறந்துவிட்டால் போலீஸ் வரும்வரை காத்திராமல் மறுநாளே ஆளோடும் ஓ.பி. சீட்டோடும் போய் அதே சன்ஹிதாவின் 72ஆவது பிரிவில் ரத்து செய்யக் கேளுங்கள்.

8. குடும்பமும் எதிர்த்தரப்பாகலாம்

குடிக்கும் கணவனின் ஜாமீனுக்கும் அடிபட்ட மனைவியின் ஜீவனாம்சத்துக்கும் ஒரே அலுவலகத்துக்குத்தான் இருவரும் வருவார்கள். ஒரே வழக்கறிஞரை இருவருக்கும் கொடுக்கக் கூடாது. ஒரே தன்னார்வலரையும் கூடாது. புதிய விண்ணப்பம் வந்ததும் எதிர்த்தரப்பின் பெயரைப் பதிவேட்டில் தேடிவிட்டுத்தான் ஒதுக்க வேண்டும். அடிதடி நடந்த வீட்டில் ‘குடும்பம் பிரியக் கூடாது’ என்று சமரசத்துக்கு அவசரப்படுவது ஆபத்து.

சொத்தைப் பராமரிக்கக் காப்பாளர் வேண்டும் என்று வருபவர்களை 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுப்புவது அடிக்கடி நடக்கும் பிழை. அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு மட்டும். மனநோய்க்கு 2016 சட்டத்தின் 14ஆவது பிரிவு, குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்து பேசி முடிவெடுக்கும் வரையறுக்கப்பட்ட காப்பாளரையே முதன்மையாகத் தருகிறது. விவாகரத்தில் ‘மனநோய்’ என்ற சீட்டைக் காட்டினாலே போதாது. நோயின் தீவிரம் எவ்வளவு என்பதைப் பார்க்க வேண்டும் என்று 1988இல் ராம் நாராயண் குப்தா வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. மனநோய்க்கான ஆதாரத்தை எதிர்த்தரப்பு மறுத்தால் நீதிமன்றம் வாரியத்தின் கருத்தைக் கேட்க வேண்டும் (மனநலச் சட்டம், 105).

9. அலுவலகத்தில் மாற்ற வேண்டியவை

எல்லா வழக்கறிஞர்களுக்கும் ஒருநாள் பயிற்சி கொடுப்பதைவிட, விருப்பமுள்ள நான்கைந்து பேரைத் தேர்ந்து இந்த வழக்குகளை அவர்களுக்கே ஒதுக்குவது பலன் தரும். அவர்களை மனநல மருத்துவமனையின் புறநோயாளி நாளில் வாரம் ஒருமுறை அங்கேயே உட்கார வையுங்கள். வழக்கறிஞர் கோட்டைக் கழற்றிவிட்டு உட்காருவது நல்லது. நோயாளிகளில் பலருக்கு அந்தக் கறுப்பு நிறம் கோர்ட்டை நினைவூட்டும். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரின் அழைப்பு எண் அவர்களிடமும், அவர்கள் எண் மருத்துவரிடமும் இருக்கட்டும். நெருக்கடியில் 14416 (டெலி மானஸ் மனநல உதவி எண்), போதைக்கு 14446.

பதிவேட்டில் வழக்கமான பத்திகளோடு நான்கைச் சேருங்கள்: கடைசியாக நேரில் பார்த்த நாள், மாத்திரைச் சீட்டு சேர்ந்ததா, அடுத்த அழைப்புக்குப் பொறுப்பானவர், வெளியேறும் நாளில் யார் வரவேற்பார். நோயின் பெயருக்குப் பத்தி வேண்டாம். அந்தப் பதிவேட்டைப் பார்க்கும் கண்கள் அதிகம்.

‘வெளியேறும் நாளில் யார் வரவேற்பார்’ என்ற பத்திக்குக் காரணம் உண்டு. சிறை வாசலிலிருந்து மாலை ஆறு மணிக்குமேல் விடப்படுபவரிடம் பஸ் காசும் இருக்காது, மூன்று நாள் மாத்திரையும் இருக்காது. விடுதலைக்கு முந்தின நாளே சிறை மருத்துவரிடம் மாத்திரையும் சீட்டும் எழுதி வாங்குங்கள், அடுத்த ஓ.பி. தேதியைத் தாளில் எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள், வாசலுக்கு ஒருவரை அனுப்புங்கள்.

எத்தனை பேருக்கு உதவினோம் என்ற எண்ணிக்கை மேலிடத்துக்குப் போகும். அலுவலகத்துக்குள் காலாண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டியவை வேறு: விண்ணப்பத்துக்கும் முதல் நேரடிச் சந்திப்புக்கும் இடையே எத்தனை நாள், எத்தனை வாய்தா தவறியது, எத்தனை பிடியாணை, ஜாமீன் உத்தரவுக்குப் பின் எத்தனை நாள் உள்ளே இருந்தார், 89இல் சேர்க்கப்பட்டவர்களில் எத்தனை பேரை 30 நாளுக்குள் ஒரு வழக்கறிஞர் பார்த்தார். கடைசி எண் பூஜ்யமாக இருந்தால், மருத்துவமனைக்கு நாம் கொடுத்த தாள் இன்னும் ஏதோ ஒரு மேசை அறைக்குள்ளேயே கிடக்கிறது என்று அர்த்தம். அடுத்த புறநோயாளி நாளில் போய் வார்டுச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.